எருமை மடியில் தங்கிய அம்மை

கடலூர், சிதம்பரம் பக்கம் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் பலருடைய கையில் பெரியம்மையைத் தடுக்க அம்மை குத்திய வட்டத் தழும்பு இருக்கும். காசநோய்த் தடுப்பூசித் தழும்பு வேறு, இது வேறு. அன்று குத்தியது பெரியம்மைக் கிருமியை அல்ல. அதன் நெருங்கிய உறவான வாக்சினியா என்னும் உயிருள்ள வைரஸை. சென்னை கிண்டியின் கிங் நிலையத்தில் கன்றுகளின் தோலில் வளர்த்துத்தான் அந்த மருந்தை எடுத்தார்கள்.

பெரியம்மைக் கிருமிக்கு மனிதனை விட்டால் வேறு புகலிடம் இல்லை. அதனால்தான் அதை ஒழிக்க முடிந்தது. 1980-இல் உலக சுகாதார அமைப்பு ஒழிப்பை அறிவித்தது. அம்மை குத்துவதும் நின்றது.

ஆனால் வாக்சினியா போகவில்லை. எருமை மடியில் கொப்புளம் போடும் எருமை அம்மையை 1934-இல் லாகூரில் கண்டார்கள். பின்னாளில் மரபணுவைப் படித்தபோது அது வாக்சினியாவின் ஒரு வகை என்று தெரிந்தது. அம்மை குத்திக்கொண்டவர்களின் கைப்புண்ணிலிருந்து பால் கறக்கையில் மடிக்குப் போயிருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். கேடயமாக நாம் வளர்த்த கிருமியே நம் தொழுவத்தில் குடியேறியிருக்கிறது போலும்! பெரியம்மைக் குடும்பத்து வைரஸ்கள் உயிரணுவின் உட்கருவுக்குள் போவதில்லை. தம்மைப் பெருக்கிக்கொள்ளத் தேவையான நொதிகளில் பெரும்பங்குக்கான மரபணுக்களைத் தாமே சுமந்து வருகின்றன. ஓர் உயிரினத்தை விட்டு இன்னொன்றில் இவற்றுள் பல எளிதாகப் பிழைத்துக்கொள்ள இதுவும் ஒரு காரணம்.

எண்பதுகளின் நடுவில் மகாராஷ்டிரத்தில் எருமைகளோடு பால் கறப்பவர்களுக்கும் கொப்புளங்கள் வந்தன. கையில் புண், காய்ச்சல், அக்குளில் நெறி. பிரேசிலில் 1999-இல் பசுக்களிடமும் கறவைக்காரர்களிடமும் கண்ட கான்டகாலோ வைரஸும் வாக்சினியாவின் வழிவந்ததே. பெரியம்மைத் தடுப்பூசி இந்த உறவுக்கூட்டம் முழுவதற்கும் ஓரளவு தடையாக இருந்தது. இன்று நாற்பது வயதுக்காரருக்கு அந்தத் தடை இல்லை. 1970-இல் காங்கோவில் முதன்முதலில் மனிதரிடம் கண்ட குரங்கம்மை 2022 ஜூலையில் கொல்லம் வரை வந்ததற்கும் இந்த இடைவெளி துணைபோனது என்றே நினைக்கிறேன்.

புவனகிரி, காட்டுமன்னார்கோயில் பக்கம் எருமை வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். காம்பில் கொப்புளம் கண்டால் அந்த மாட்டைக் கடைசியில் கறங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். உங்கள் கையிலும் புண் வந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டும்போது, எருமை கறக்கிறேன் என்பதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.