மீன் சாகவில்லை என்றால் போதுமா?

அம்பர்நாத் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “கழிவுநீர் சோதனையில் தேறிவிட்டதாக ஆலைகள் சொல்கின்றன. அப்படியானால் வால்துனி ஆற்றுக்குக் கேடில்லை என்று நம்பலாமா?”

நம்ப முடியாது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொதுத் தரங்களில் ஓர் உயிரிச் சோதனை உண்டு. கழிவுநீரில் விட்ட மீன்களில் 90 விழுக்காடு 96 மணி நேரம் பிழைத்திருந்தால் தேர்ச்சி. ஆனால் ஹார்மோனைக் குழப்பும் வேதிப்பொருள்கள் நான்கு நாளில் கொல்பவை அல்ல. பிரிட்டன் ஆறுகளில், கழிவுநீர் கலக்கும் இடங்களில், உயிரோடு நீந்திய ஆண் மீன்களின் விரைக்குள் முட்டைகள் இருந்தன.

இந்தக் கேட்டைக் காட்டும் கருவி ஓர் ஈஸ்ட். பிரிட்டனின் எட்வின் ரூட்லெட்ஜும் ஜான் சம்ப்டரும் 1996இல் அதைப் பற்றி எழுதினார்கள். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனை ஈஸ்டுக்கு உணரத் தெரியாது. அதனால் மனிதரின் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்கான மரபணு அதன் மரபணுத் தொகுதிக்குள் சேர்க்கப்பட்டிருந்தது; நிறம் மாற்றும் நொதிக்கான மரபணுவும் கூடவே வைக்கப்பட்டிருந்தது. ஈஸ்ட்ரோஜனைப் போல நடிக்கும் பொருள் நீரில் இருந்தால் மஞ்சள் கரைசல் சிவக்கும்.

என்னை மிகவும் வியக்கவைத்தது 2002இல் லண்டனில் ஆன்ட்ரியாஸ் கோர்ட்டன்காம்ப் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. ஈஸ்ட்ரோஜனைப் போல நடிக்கும், ஆனால் வீரியம் குறைந்த எட்டு வேதிப்பொருள்களை, தனியாக எந்த விளைவும் காட்டாத அளவில் எடுத்துக் கலந்து, இதே வகை ஈஸ்டிடம் கொடுத்தார்கள். விளைவு தெளிவாகத் தெரிந்தது! தாராவி 90 அடி சாலையில், மழைநீரில் நின்றுபோன டெம்போவைத் தள்ளிய அனுபவம் எனக்குண்டு. ஒருவர் தள்ளினால் அசையாது. தெருவே சேர்ந்தால் நகர்ந்துவிடும்.

எந்தப் பொருள் குற்றவாளி என்று ஈஸ்ட் சொல்லாது. அதற்கு ஆய்வகக் கருவிகள் வேண்டும். ஆனால் பெயர் தெரியாத பொருளின் செயலையும் அது காட்டிவிடும். வேதித் தொழிற்சாலைகள் நெருங்கி நிற்கும் அம்பர்நாத்துக்கு இதுதான் பொருத்தமான சோதனை. இங்கே ஒவ்வோர் ஆலையும் தன் வாசலில் தேறிவிடலாம். ஆற்றில் எல்லாம் ஒன்றாகக் கலக்கின்றன. ஈஸ்ட் முறைக்கு 2018இலேயே ஐ.எஸ்.ஓ. தரம் வந்துவிட்டது. ஆகவே வாசகி அவர்களே, அடுத்த முறை சான்றிதழைக் காட்டினால் கேளுங்கள்: ஆற்று நீரில் ஹார்மோன் சோதனை செய்தீர்களா? முடிவை ஊராருக்குச் சொல்வீர்களா?