பாலைவனத்து எண்காலிகள்

பாலை என்ற சொல்லை நாம் எல்லோரும் பள்ளிப் பருவத்திலேயே படித்திருக்கிறோம். முல்லையும் குறிஞ்சியும் மழையின்றி வறண்டு திரிந்த நிலைக்கு நம் முன்னோர் வைத்த பெயர் அது. நம் நாட்டில் தேரிக்காடு உண்டு, பொட்டல் உண்டு, ஆனால் கண்ணுக்கெட்டிய தூரம் மணலே கடலாய்க் கிடக்கும் பாலைவனம் இல்லை. படிப்பின் பொருட்டு இராஜஸ்தானத்துக்கு வந்த பிறகுதான் மெய்யான பாலையின் ஓரத்தில் நாம் வாழத் தொடங்கியிருக்கிறோம்.

புதிதாக வரும் தம்பிகளுக்கு மூத்த மாணவர்கள் முதலில் சொல்லிவைக்கும் பாடம் வெயிலைப் பற்றியது. இரண்டாவது பாடம் பூச்சி பொட்டுகளைப் பற்றியது. "ராத்திரி விளக்கடியில் நிற்காதே, ஒட்டகச் சிலந்தி துரத்தும், கடித்தால் சதை அழுகும்" என்று ஒருவர் சொல்வார். "தேளைப் பற்றிக் கவலை வேண்டாம், நம் ஊரில் பார்க்காத தேளா!" என்று மற்றொருவர் சொல்வார். இந்த இரண்டு உபதேசங்களுமே தலைகீழானவை. அஞ்சத் தகாததற்கு அஞ்சுகிறோம். அஞ்ச வேண்டியதை அலட்சியம் செய்கிறோம். அதன் விவரத்தைச் சற்றே ஆராய்வோம்.

எண்காலிகள் யாவை?

சிலந்தி, தேள், உண்ணி, ஒட்டகச் சிலந்தி ஆகியவை ஒரே வகுப்பைச் சேர்ந்தவை. மேல்நாட்டு விஞ்ஞானிகள் இவ்வகுப்பை 'அராக்னிடா' என்று அழைக்கிறார்கள். கிரேக்கப் புராணத்தில் தெய்வத்தோடு நெசவில் போட்டியிட்டுச் சிலந்தியாய் மாறிய அராக்னே என்ற பெண்ணின் பெயர் அது. பூச்சிகளுக்கு ஆறு கால்கள், இவற்றுக்கு எட்டு. பூச்சிகளுக்கு உணர்கொம்பும் பெரும்பாலும் இறக்கையும் உண்டு. இவற்றுக்கு இரண்டும் இல்லை. ஆகவே, 'எட்டுக்கால் பூச்சி' என்று நாம் வழங்குவது பேச்சுக்குச் சரி, விஞ்ஞானத்துக்குச் சரியன்று.

பாலைவனம் இவற்றுக்கு எப்படி ஒத்துவருகிறது என்று கேட்கலாம். 2016-ஆம் ஆண்டு மே மாதத்தில் இராஜஸ்தானத்துப் பலோடியில் 51 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. அப்படிப்பட்ட பகலில் எந்த எண்காலியும் வெளியே வருவதில்லை. மணலுக்குள் சில சாண் ஆழம் போனாலே சூடு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. பகலெல்லாம் வளையில் கிடந்து இரவில் இரை தேடுவதே இவற்றின் வாழ்க்கை முறை. தேளின் ஓட்டின் மேல் மெழுகுப் பூச்சு ஒன்று இருப்பதால் உடம்பின் ஈரம் வெளியே போவதில்லை. அதன் கழிவும் பெரும்பாலும் நீரற்ற தூளாகவே வெளியேறும். சில வகைத் தேள்கள் ஓராண்டு வரையில் உணவின்றியே இருக்க வல்லவை.

ஒட்டகச் சிலந்தி

பெயர் சிலந்தி என்றிருந்தாலும் இது சிலந்தியன்று. வலை பின்னத் தெரியாது. சிலந்திக்கும் தேளுக்கும் ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லலாம். இதன் வரிசைக்கு 'சாலிபியூகே' என்று பெயர். 'வெயிலுக்கு ஓடுபவை' என்பது அந்த லத்தீன் சொல்லின் பொருள். உலகில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. இந்தியாவிலும் மேற்காசியாவிலும் காணப்படும் 'காலியோடிஸ்' வகையே உருவில் பெரியது. உடல் மட்டும் 5 முதல் 7 சென்டிமீட்டர் வரை இருக்கும். கால்களை விரித்தால் ஓர் ஆளின் உள்ளங்கையை மறைத்துவிடும். மணல் நிறம், உடம்பெல்லாம் நீண்ட மயிர், முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் இரண்டு இடுக்கித் தாடைகள். பார்த்தவர் அலறுவதில் வியப்பொன்றும் இல்லை.

பார்ப்பவர்கள் இதற்குப் பத்துக் கால் என்று எண்ணுவதுண்டு. முன்னால் உள்ள ஒரு சோடி உண்மையில் கால் அன்று. தடவிப் பார்க்கும் உணர்கை. அதன் நுனியில் ஒட்டிக்கொள்ளும் உறுப்பு ஒன்று இருக்கிறது. அதனால் வழவழப்பான கண்ணாடியிலும் ஏறும். பறந்து வரும் பூச்சியையும் பற்றி இழுக்கும். பின்னங்கால்களின் அடியில் சிறு சிறு மட்டைகளைப் போன்ற உறுப்புகள் வரிசையாகத் தொங்கும். தரையின் வாசனையை அறிவதற்கு அவை உதவுகின்றன. தாடைகளோ நம் கத்தரிக்கோலும் அரமும் சேர்ந்த ஆயுதம் போன்றவை. கறையான், வண்டு, சிறு பல்லி, ஏன், தேளைக்கூட இது நறுக்கிக் கூழாக்கி உறிஞ்சிவிடும்.

விடுதி வராந்தாவில் இது நம்மைத் துரத்துவதாகச் சொல்லப்படுகிறதே, அது பொய்யா? கண்ணால் கண்டது பொய்யன்று. அதற்குச் சொல்லும் காரணம்தான் பொய். மழைக்கு முந்தைய புழுக்க நாட்களில் விளக்கைச் சுற்றிப் பூச்சிகள் மொய்க்கும். அவற்றைத் தின்ன ஒட்டகச் சிலந்தி விளக்கடிக்கு வருகிறது. ஆனால் வெளிச்சம் அதற்குப் பிடிக்காது. அங்கே நிற்கும் மாணவரின் நிழல் அதற்கு நல்ல புகலிடமாகப் படுகிறது. நிழலை நோக்கி அது ஓடிவருகிறது; மாணவர் ஓடுகிறார்; நிழலும் கூடவே ஓடுகிறது; அதுவும் நிழலைத் தொடர்கிறது. மாணவர் அசையாமல் நின்றால் அது காலடியில் வந்து ஒண்டிக்கொள்ளும். ஒதுங்கி நிழலை விலக்கினால் வேறு மூலை தேடிப் போய்விடும்.

போர்க்களத்துப் புளுகுகள்

இப்பிராணியின் அபகீர்த்திக்குப் போர்வீரர்களின் பங்கு பெரிது. முதல் உலகப் போரில் எகிப்தில் தங்கியிருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள், பொழுதுபோக்காக இதையும் தேளையும் மோதவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். 1991-ஆம் ஆண்டு வளைகுடாப் போரிலும் 2003-இல் தொடங்கிய ஈராக் போரிலும் அமெரிக்க வீரர்களிடையே கதைகள் வளர்ந்தன. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுமாம். ஓடும்போது வீறிட்டுக் கத்துமாம். உறங்கும் வீரனின் சதையை மரத்துப்போகச் செய்து இரவெல்லாம் தின்னுமாம். ஒட்டகத்தின் வயிற்றைக் கிழிக்குமாம். 2004-ஆம் ஆண்டில் ஒரு புகைப்படம் உலகெங்கும் பரவியது. வீரன் ஒருவன் தூக்கிப் பிடித்திருந்த ஒட்டகச் சிலந்தி அவன் தொடையளவு நீளம் இருப்பது போலத் தோன்றியது. உண்மையில் அவை ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருந்த இரண்டு பிராணிகள். காமிராவுக்கு மிக அருகில் பிடித்ததால் பூதாகாரமாகத் தெரிந்தன.

மெய் இவ்வளவுதான். இது சிறிது தூரம் மிக விரைவாக ஓடும். அதன் உச்ச வேகத்தைக் கூட்டிச் சொல்பவர்களும் மணிக்கு 16 கிலோமீட்டருக்கு மேல் சொல்வதில்லை. தாடைகளை உரசிக் 'கிறீச்' என்று மெல்லிய ஒலி எழுப்பும். ஒட்டகத்தைத் தின்பதில்லை; ஒட்டகத்தின் நிழலில் ஒதுங்குவதுண்டு.

நஞ்சு உண்டா என்ற கேள்விக்கு விஞ்ஞானிகளின் பொதுவான விடை, இல்லை என்பதே. நச்சுப்பையும் இல்லை, நஞ்சைச் செலுத்தும் துளையும் இல்லை. 1978-இல் அருச்சாமி, சுந்தர ராஜுலு என்ற இரண்டு இந்திய ஆய்வாளர்கள் 'ராகோடிஸ் நைக்ரோசிங்டஸ்' என்னும் ஓர் இனத்தில் நச்சுச் சுரப்பி இருப்பதாகவும், அதன் சாற்றை ஊசி வழியாகச் செலுத்தியபோது பல்லிகள் செயலிழந்ததாகவும் எழுதினார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் எவையும் அதை உறுதி செய்யவில்லை. பெரிய ஒட்டகச் சிலந்தி கடித்தால் தோல் கிழியலாம், இரத்தம் வரலாம், அழுக்குச் சேர்ந்து புண் சீழ் பிடிக்கலாம். சோப்பும் தண்ணீரும் இட்டு நன்றாகக் கழுவி மருந்து வைத்தால் போதும். செருப்பால் அடித்துக் கொல்லத்தக்க குற்றம் ஒன்றும் அது செய்யவில்லை.

தேளின் கதை வேறு

ஒட்டகச் சிலந்திக்கு நாம் காட்டும் மரியாதையைத் தேளுக்குக் காட்டியிருந்தால் எத்தனையோ உயிர் பிழைத்திருக்கும். உலகில் ஆண்டுதோறும் சுமார் 12 லட்சம் பேர் தேள்கொட்டுக்கு ஆளாகிறார்கள் என்றும், அவர்களுள் 3,000-க்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள் என்றும் 2008-இல் வெளிவந்த ஒரு கணக்கு கூறுகிறது. இறப்பவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். சுமார் 43 கோடி ஆண்டுகளாக இவ்வுலகில் வாழ்ந்துவரும் பழங்குடி தேள். 2,500-க்கும் மேற்பட்ட இனங்களில் மனித உயிருக்கு ஆபத்தானவை சில பத்துகளே. ஆனால் அந்தச் சிலவற்றுள் ஒன்று நம் நாட்டில் பரவலாக இருக்கிறது. அதுவே செந்தேள்.

இதன் விஞ்ஞானப் பெயரைக் கேட்டால் தமிழ் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். டென்மார்க்கு நாட்டு விஞ்ஞானி பாப்ரீசியஸ் 1798-இல் இதற்கு இட்ட பெயரில் 'தமுலஸ்' என்ற சொல் இருக்கிறது. தமிழ் என்பதன் லத்தீன் வடிவம் அது. இன்று 'ஹாட்டென்டாட்டா தமுலஸ்' என்று வழங்குகிறார்கள். யானைக்கும் மயிலுக்கும் கிட்டாத தமிழ்ப் பெயர் ஒரு தேளுக்குக் கிட்டியிருக்கிறது! பெருமைப்படுவதா, வெட்கப்படுவதா என்பதை நண்பர்களே தீர்மானித்துக்கொள்ளட்டும்.

நம் ஊரில் கறுத்துப் பருத்த நட்டுவாக்காலியைக் கண்டால் கூட்டம் கூடும். சிறிய செந்தேளை யாரும் பொருட்படுத்தார். இதுவும் தலைகீழ்தான். இடுக்கி பருத்த தேள் இரையை இடுக்கியாலேயே நசுக்கிவிடுகிறது. அதற்குக் கடும் நஞ்சு வேண்டியதில்லை. இடுக்கி மெலிந்து வால் தடித்த தேளோ நஞ்சையே நம்பி வாழ்கிறது. பெரும்பாலான தேள்களுக்கு இவ்விதி பொருந்தும். பாலைவனத்தில் காணப்படும் பருத்த வால் தேள்களும் இந்த இரண்டாம் வகையினவே.

செந்தேளின் நஞ்சு நரம்புகளில் உள்ள சோடியம் வாயில்களை மூடவிடாமல் திறந்தே வைத்துவிடுகிறது. நரம்புகள் ஓயாமல் தூண்டப்படுகின்றன. அவசர காலத்தில் மட்டும் சுரக்க வேண்டிய அட்ரினலின் முதலியவை வெள்ளமாய்ப் பெருகுகின்றன. இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன; இருதயம் தத்தளிக்கிறது; முடிவில் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு திணறுகிறது.

மஹாட் மருத்துவர்

மராட்டிய மாநிலத்தில் மஹாட் என்ற சிற்றூருக்கு அருகே பீர்வாடி என்னும் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 1976-இல் ஓர் இளம் மருத்துவர் வந்து சேர்ந்தார். அவர் பெயர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர். தேள் கொட்டியவர்கள் கண்ணெதிரே மூச்சு முட்டி இறப்பதை அவர் கண்டார். ஒவ்வொரு நோயாளியின் பக்கத்திலும் அமர்ந்து நாடியையும் இரத்த அழுத்தத்தையும் மூச்சையும் குறித்துக்கொண்டே வந்தார். இருதயமே இதில் தாக்குண்ணும் உறுப்பு என்பதைத் தெளிந்து 1982-இல் லண்டனின் 'லான்செட்' பத்திரிகையில் எழுதினார். பின்னர், இரத்தக் கொதிப்புக்குத் தரப்படும் 'பிராசோசின்' என்ற மாத்திரை, இறுகிய குழாய்களைத் தளர்த்தி உயிரைக் காக்கிறது என்று காட்டினார். முன்பு கடுமையாகத் தாக்குண்டவர்களில் நூற்றுக்கு முப்பது நாற்பது பேர் இறந்தனர். இம்மருந்துக்குப் பின் ஒருவர் இருவரானார்கள்.

அவரும் மருத்துவரான அவர் துணைவியாரும் 70 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2011-இல் வெளியாயிற்று. பிராசோசினோடு நச்சுமுறி மருந்தும் பெற்ற 35 பேரில் 32 பேர் பத்து மணி நேரத்தில் முற்றும் தேறினர். பிராசோசின் மட்டும் பெற்ற 35 பேரில் அந்நேரத்துக்குள் தேறியவர் 8 பேர். 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பெரிய ஆராய்ச்சிக்கூடம் இன்றி, கூர்ந்த பார்வையும் ஒரு நோட்டுப் புத்தகமும் கொண்டு செய்யப்பட்ட விஞ்ஞானம் இது. மருத்துவம் பயிலும் நம் நண்பர்கள் மனத்தில் இருத்த வேண்டிய வரலாறு.

நாம் செய்ய வேண்டியவை

சுற்றுலாவிலும் முகாமிலும் காலணியை உதறிய பிறகே அணிக. துணியையும் படுக்கையையும் தட்டி விரிக்க. வெறுந்தரையில் படுக்காமல் கட்டிலில் படுக்க; கட்டிலைச் சுவரிலிருந்து சற்றே தள்ளிப் போடுக. கல்லையும் விறகையும் வெறுங்கையால் புரட்டாதீர்கள். இரவில் வெளியே செல்லும்போது டார்ச் விளக்கு கட்டாயம். புற ஊதா விளக்கு கிடைத்தால் இன்னும் நல்லது. அந்த ஒளி பட்டதும் தேளின் ஓடு பச்சை கலந்த நீல நிறத்தில் ஒளிர்ந்து தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும்.

கொட்டிவிட்டால் கட்டுப் போடுவதும், கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் வேண்டா. மந்திரிப்பவரைத் தேடி அலைந்து நேரத்தைப் போக்கவும் வேண்டா. வலி அதிகம் என்பதால் ஆபத்து அதிகம் என்றோ, வலி அடங்கிற்று என்பதால் ஆபத்து நீங்கிற்று என்றோ கொள்ளலாகாது. வாந்தி, உடல் நனையும் வியர்வை, கை கால் சில்லிடுதல், எச்சில் ஊறுதல், மூச்சிரைப்பு, இவற்றுள் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குழந்தையாயின் குறி தோன்றும்வரை காத்திருத்தலும் தவறு. விடுதிகளில் காவலர், சமையற்காரர், துப்புரவுப் பணியாளர் ஆகியோரின் குழந்தைகள் தரையில் உறங்குகிறார்கள். இந்தச் செய்தி நமக்குத் தேவைப்படுவதைவிட அவர்களுக்கே அதிகம் தேவைப்படும். நாம் அரைகுறையாகக் கற்ற இந்தியிலேனும் அதை அவர்களிடம் எடுத்துச் சொல்வோமாக. தேளை இவ்வூரார் 'பிச்சூ' என்பர். அந்த ஒரு சொல்லோடு பேச்சைத் தொடங்கினால் போதும்; மற்றவற்றைக் கைச்சாடையே பார்த்துக்கொள்ளும்.