சுற்றுலாக் கப்பல்களில் வயது வந்தோருக்கான ஓய்விடங்கள்

சுற்றுலாக் கப்பல்களில் வயது வந்தோருக்கான ஓய்விடம் என்பது, குறிப்பிட்ட வயதை எட்டிய பயணிகள் மட்டும் அமைதியாக ஓய்வெடுப்பதற்காகக் கப்பலின் மேல்தளத்திலோ உள்தளத்திலோ ஒதுக்கப்படும் பகுதி ஆகும். சாய்வு நாற்காலிகள், நிழற்பந்தல், சிறிய நீச்சல் குளம், வெந்நீர்த் தொட்டி, பழச்சாறு அல்லது மது வழங்கும் சிறு கடை ஆகியவை இங்கு இருக்கும். உரத்த இசை, நீர் விளையாட்டு, பந்து விளையாட்டு ஆகியவை இருக்கா. உலகின் பெரிய கப்பல் நிறுவனங்கள் பலவற்றில் இத்தகைய பகுதிகள் இன்று வழக்கமாகிவிட்டன.

பெயரும் பொருளும்

"வயது வந்தோருக்கு மட்டும்" என்ற தொடர் தமிழ்நாட்டில் திரைப்படச் சுவரொட்டிகள் வழியாகவே பரவலாக அறியப்பட்டது. 'ஏ' சான்றிதழ் பெற்ற படங்களோடு சேர்ந்து வந்ததால், அத்தொடரைக் கேட்டவுடன் ஆபாசம் என்ற எண்ணம் பலருக்கும் எழுகிறது. கப்பலில் அதன் பொருள் வேறு. குழந்தைகள் பார்க்கக் கூடாதது நடக்கும் இடம் என்பதன்று. குழந்தைகளின் ஓட்டமும் கூச்சலும் இல்லாத இடம் என்பதே பொருள். நூலகத்தில் பேசக் கூடாது என்ற விதியோடு இதை ஒப்பிடலாம்.

கப்பலிலுள்ள சூதாட்டக் கூடத்துக்கும் மதுக்கூடத்துக்கும் கூட வயது வரம்பு உண்டு. அவை சட்டம் சார்ந்த தடைகள். ஓய்விடத்துக்கான வயது வரம்பு, கப்பல் நிறுவனம் பயணிகளின் வசதிக்காகத் தானே வகுத்துக்கொண்ட விதி. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதக் கூடாது.

வரலாறு

பழைய பயணிகள் கப்பல்களில் மக்கள் வயதால் பிரிக்கப்படவில்லை. பயணச் சீட்டின் வகுப்பால் பிரிக்கப்பட்டனர். தமிழர் நன்கறிந்த எடுத்துக்காட்டு, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களை இணைத்த 'ரஜுலா' கப்பல். 1926இல் கட்டப்பட்ட இக்கப்பல், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றிச் செல்ல அனுமதி பெற்றிருந்தது. தளப் பயணிகளுக்குத் தனி அறை கிடையாது. முதியவர், கைக்குழந்தையுடைய தாய், வேலை தேடிச் செல்லும் இளைஞர் என அனைவரும் பாயை விரித்த இடமே அவரவர் இடம். காற்றோட்டமும் அமைதியும் கொண்ட அறைகள் மேல்வகுப்பாருக்கு உரியவையாக இருந்தன. 1973இல் ரஜுலா ஓய்வு பெற்றபின் அவ்வழியில் ஓடிய 'எம்.வி. சிதம்பரம்' கப்பலின் சேவை, 1985இல் நேர்ந்த தீ விபத்தோடு முடிவுக்கு வந்தது.

விமானப் பயணம் பெருகியபின், ஊர் போய்ச் சேருவதற்கான கப்பல்கள் குறைந்து, பொழுதுபோக்குக்கான கப்பல்கள் பெருகின. இவற்றில் குடும்பமாக வருவோர் கூடக் கூட, பெரியவர்களுக்குத் தனி இடம் வேண்டும் என்ற தேவையும் எழுந்தது. குழந்தைகளை நம்பியே தொழில் நடத்தும் டிஸ்னி நிறுவனம் இதைத் தொடக்கத்திலேயே உணர்ந்தது. 1998இல் பயணத்தைத் தொடங்கிய 'டிஸ்னி மேஜிக்' கப்பலில் சிறு குழந்தைகளுக்கு ஒன்று, குடும்பத்தினருக்கு ஒன்று, பெரியவர்களுக்கு ஒன்று என மூன்று குளங்கள் அமைக்கப்பட்டன. 2006இல் பிரின்சஸ் நிறுவனம் 'கிரவுன் பிரின்சஸ்' கப்பலில் 'சாங்சுவரி' என்ற பெயரில் தனி ஓய்வுத் தளத்தை அறிமுகப்படுத்தியது. ராயல் கரீபியன் நிறுவனத்தின் 'சோலாரியம்', கார்னிவல் நிறுவனத்தின் 'செரினிட்டி' ஆகியவையும் இவ்வகையைச் சேர்ந்தவை.

தேவைக்கான காரணங்கள்

முதற்காரணம் இடநெருக்கடி. ஊரிலுள்ள விடுதியில் கூச்சல் மிகுந்தால் வெளியே நடந்து வரலாம். நடுக்கடலில் அந்த வாய்ப்பு இல்லை. ஆயிரக்கணக்கானோர் ஒரே மேல்தளத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது காரணம் பாதுகாப்பு. வெந்நீர்த் தொட்டியின் வெப்பம் சிறு குழந்தைகளுக்கு ஏற்றதன்று. ஆழமான குளத்தில் பெரியவர்களின் நடுவே ஒரு குழந்தை தவறி இறங்கிவிட்டால் உடனே கண்ணில் படுவதும் அரிது.

மூன்றாவது காரணம் நீரின் தூய்மை. கழிவறைப் பழக்கம் வராத குழந்தைகளைப் பொதுக் குளத்தில் இறக்குவதை அமெரிக்கத் துறைமுகங்களுக்குச் செல்லும் கப்பல்களுக்கான சுகாதார விதிகள் அனுமதிப்பதில்லை. எனவே அக்குழந்தைகளுக்குத் தனி நீர் விளையாட்டுப் பகுதி தேவைப்படுகிறது.

அமைப்பு

ஒலி குறைந்த பகுதியைத் தேர்ந்தெடுப்பதே வடிவமைப்பில் முதல் வேலை. பெரும்பாலும் கப்பலின் முன்பகுதியிலோ பின்பகுதியிலோ, குழந்தைகளின் நீர்ச்சறுக்கு விளையாட்டுகளிலிருந்து தொலைவில் ஓய்விடம் அமைகிறது. முன்பகுதியில் கடற்காற்று பலமாக வீசும் என்பதால் கண்ணாடித் தடுப்புகள் வைக்கப்படுகின்றன. 'ஸ்பெக்ட்ரம் ஆப் த சீஸ்' கப்பலின் சோலாரியம் கண்ணாடிக் கூரை கொண்டது. மழை பெய்தாலும் அங்கு அமர்ந்து கடலைப் பார்க்கலாம்.

2024இல் பயணத்தைத் தொடங்கிய 'ஐகான் ஆப் த சீஸ்' கப்பலில் பின்பகுதி முழுவதும் நோக்கியவாறு 'ஹைட்அவே' என்ற பகுதி 18 வயது நிறைந்தோருக்காக அமைக்கப்பட்டுள்ளது. அதன் குளம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 135 அடி உயரத்தில் உள்ளது.

வயது வரம்பும் கட்டணமும்

வயது வரம்பு எல்லாக் கப்பல்களிலும் ஒன்றாக இல்லை. சோலாரியத்துக்கு 16 வயதும், டிஸ்னி கப்பல்களின் பெரியவர் குளத்துக்கு 18 வயதும், செரினிட்டி தளத்துக்கு 21 வயதும் நிறைந்திருக்க வேண்டும். ஆகவே 17 வயது மாணவர் ஒரு கப்பலில் பெரியவராகவும் இன்னொரு கப்பலில் சிறுவராகவும் கருதப்படுவார்.

கட்டணமும் அப்படியே. சோலாரியம், செரினிட்டி ஆகிய இடங்களுக்குள் செல்ல வழக்கமாகத் தனிக் கட்டணம் இல்லை. சாங்சுவரி போன்றவற்றுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். அங்கு இடங்கள் குறைவு, முன்பதிவு தேவை.

சில நிறுவனங்கள் ஒரு படி மேலே சென்று, கப்பல் முழுவதையும் பெரியவர்களுக்கு ஒதுக்கியுள்ளன. பிரிட்டனின் பி அண்டு ஓ நிறுவனத்தின் 'ஆர்கேடியா' 2005இல் இவ்வாறே பயணத்தைத் தொடங்கியது. 2021இல் பயணிகளை ஏற்றத் தொடங்கிய வெர்ஜின் வாயேஜஸ் நிறுவனம் 18 வயதுக்குக் குறைந்தோரை ஏற்பதே இல்லை.

சென்னையிலிருந்து சென்ற கப்பல்

தமிழ்நாட்டில் சுற்றுலாக் கப்பல் குறித்த பேச்சு பரவலானது 2022இல்தான். அந்த ஆண்டு ஜூன் 4 அன்று, கார்டீலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' கப்பலின் பயணத்தைச் சென்னைத் துறைமுகத்தில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். நடுக்கடல் வரை சென்று சென்னைக்கே திரும்பும் குறும்பயணமும், விசாகப்பட்டினம், புதுச்சேரி வழியான நெடும்பயணமும் அறிவிக்கப்பட்டன. கப்பலில் சூதாட்டம் நடக்கும் என்ற எதிர்ப்பு புதுச்சேரியில் எழுந்ததால், அப்போது அங்கு பயணிகளை இறக்க அனுமதி கிடைக்கவில்லை. 2023 ஜூன் மாதத்தில் இதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இடங்களுக்குச் சென்றது.

எம்பிரஸ் 1990இல் 'நார்டிக் எம்பிரஸ்' என்ற பெயரில், மூன்று நான்கு நாள் குறும்பயணங்களுக்காகக் கட்டப்பட்டது. அதன் மொத்தக் கொள்ளளவு சுமார் 48,500 டன். ஐகான் ஆப் த சீஸ் கப்பலின் அளவு அதைப்போல் ஐந்து மடங்கு. பெரிய கப்பலில் பல குளங்கள் அமைத்து வயதுவாரியாகப் பிரிக்கலாம். பழைய, சிறிய கப்பலில் இடத்தைப் பிரிப்பது எளிதன்று. அதே வேளையில், எந்தத் துறைமுகத்திலும் இறங்காத நடுக்கடல் பயணத்தில்தான் பயணிகளுக்கு அமைதியான ஒரு மூலை அதிகம் தேவைப்படுகிறது.

நிறைகளும் குறைகளும்

தாத்தா, பாட்டி, பெற்றோர், பிள்ளைகள் என மூன்று தலைமுறையும் சேர்ந்து பயணம் செய்வது இந்தியக் குடும்பங்களின் வழக்கம். முழங்கால் வலியுள்ள முதியவர் குழந்தைகள் ஓடியாடும் ஈரத் தளத்தில் நடக்க அஞ்சுவார். அவருக்கு இத்தகைய ஓய்விடம் பெரிய ஆறுதல். ஆனால் அதே குடும்பத்தில் பேரனைக் கவனிக்கும் பொறுப்பும் பெரும்பாலும் பாட்டியிடமே வந்து சேர்கிறது. குழந்தையை ஒப்படைக்க வேறு இடம் இல்லையெனில், அமைதித் தளத்தின் கதவு பாட்டிக்கும் திறக்காது. கைக்குழந்தையுடைய தாயின் நிலையும் இதுவே. யாருக்கு ஓய்வு மிகவும் தேவையோ அவருக்கே அது எட்டாமல் போகிறது.

ஆகவே வயது வந்தோருக்கான ஓய்விடமும் குழந்தைகள் மன்றமும் ஒரே ஏற்பாட்டின் இரு பகுதிகள். ராயல் கரீபியன் கப்பல்களில் 3 வயது முதல் பிள்ளைகளைப் பயிற்சி பெற்ற பணியாளர்கள் வைத்து விளையாட விடும் மன்றம் உண்டு. டிஸ்னி கப்பல்களில் அதைவிடச் சிறிய குழந்தைகளுக்கான காப்பகமும் உண்டு. இவை சரியாக இயங்கும் கப்பலில்தான் பெரியவர் தளத்தால் பெற்றோர் பயன்பெற முடியும். குழந்தைகளுக்கு நல்ல இடம் தராமல் அவர்களை வெளியே நிறுத்துவது மட்டும் நடந்தால், அது விலக்கலாகவே முடியும்.

கட்டணம் பெறும் தளங்கள் மீது இன்னொரு குறை சொல்லப்படுகிறது. எல்லோருக்கும் பொதுவாக இருந்த மேல்தளத்தின் ஒரு பகுதி பணம் கட்டுவோருக்குப் போய்விட்டால், மற்ற பகுதியில் நெருக்கடி கூடுகிறது. அமைதி வயதுக்கு உரியதாக இல்லாமல் பணத்துக்கு உரியதாகிறது. ரஜுலா காலத்து வகுப்புப் பிரிவினை வேறு உருவில் திரும்புகிறது என்று கூறத்தக்க நிலை இது.

பயணிகள் அறிய வேண்டியவை

பயணச் சீட்டு வாங்கும் முன் நான்கு செய்திகளைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நன்று. பெரியவர்களுக்கான தனித் தளம் உண்டா, அதன் வயது வரம்பு என்ன, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா, குழந்தைகள் மன்றம் எந்த வயது முதல், எந்த நேரங்களில் செயல்படுகிறது என்பவையே அவை. குழந்தையோடு செல்வோருக்கு இவற்றுள் கடைசிக் கேள்வியே முதன்மையானது. முதியோர் உடன் வருவதாக இருந்தால், மின்தூக்கியிலிருந்து ஓய்வுத் தளம் வரை படியின்றிச் செல்ல வழி உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.