மணிக்கட்டுக்கு வராத தோசை

ஓட்டலில் உட்கார்ந்து ஒரு நெய் ரோஸ்ட் சொல்கிறோம். கால் மணி நேரமாகியும் வரவில்லை. நமக்குப் பிறகு வந்தவர் சாப்பிட்டுக் கையும் கழுவிவிட்டார். சப்ளையர் உள்ளே சொல்ல மறந்திருப்பார், இல்லையென்றால் நம் தோசை வேறு மேஜைக்குப் போயிருக்கும் என்றுதான் நினைப்போம். தோசைக்கல் உடைந்திருக்கும் என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் ஸ்மார்ட்வாட்ச் அதிராமல் போனால், "மோட்டார் போச்சு" என்று எடுத்த எடுப்பிலேயே கல்லின் மேல் பழியைப் போட்டுவிடுகிறோம்.

கல் கெடுவது அபூர்வம். ஆர்டர்தான் வழியில் தொலைகிறது. அது எங்கே தொலைகிறது என்று தெரிய, ஓட்டலின் வாசலிலிருந்து அடுப்புவரை ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும்.

வாட்ஸ்ஆப்பில் வரும் செய்தி நேராக மணிக்கட்டுக்கு வருவதில்லை. தானாகவே இணையத்தோடு இணையும் சில வாட்சுகளை விட்டுவிட்டால், எல்லாம் முதலில் போனுக்குத்தான் வருகிறது. போன்தான் நாம் உட்கார்ந்திருக்கும் கூடம். ஆண்ட்ராய்டு போனில், வாட்சோடு சேர்த்து நிறுவிய ஆப்தான் சப்ளையர். கூடத்தில் எந்த மேஜையில் என்ன கேட்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டு உள்ளே போய்ச் சொல்வது அதன் வேலை. மற்ற ஆப்களின் நோட்டிபிகேஷனை இப்படிக் கேட்பதற்கான முறையான அனுமதி 2013-இல், ஆண்ட்ராய்டு 4.3-இல் வந்தது. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு ஜன்னல் உண்டு, அது ப்ளூடூத். வாட்ச் சமையலறை. உள்ளே ஒரு சூப்பர்வைசர் இருக்கிறார்: வாட்சின் மென்பொருள். வந்த ஆர்டரை இப்போது போடலாமா, நிறுத்திவைக்கலாமா என்று அவர்தான் தீர்மானிப்பார். அவர் தலையசைத்த பிறகுதான் கல்லில் மாவு விழும், அதாவது மோட்டாருக்கு மின்சாரம் போகும்.

முதலில் கல்லைச் சோதித்துவிடலாம். போனைத் தொடவே வேண்டாம். வாட்சிலேயே ஒரு நிமிட டைமர் வையுங்கள். நேரம் முடிந்ததும் மணிக்கட்டில் அதிர்ந்தால் மோட்டார் நிரபராதி. சர்வீஸ் சென்டருக்குக் கிளம்பியிருந்தால் திரும்பி வந்துவிடலாம். அடுத்து, போனில் உள்ள ஆப்பைத் திறந்து 'வாட்சைக் கண்டுபிடி' என்பதை அழுத்துங்கள். வாட்ச் சிலிர்த்தால் ஜன்னலும் திறந்துதான் இருக்கிறது. மிச்சம் இருப்பவர்கள் சப்ளையரும் சூப்பர்வைசரும். இவர்களில் யார் என்பதைப் பிரித்துச் சொல்ல ஒரே கேள்வி போதும்: அதிராவிட்டாலும், செய்தி வாட்சின் திரையில் வந்து கிடக்கிறதா?

கிடக்கவில்லை என்றால் தவறு பெரும்பாலும் சப்ளையர் பக்கம். விலை குறைந்த வாட்சுகளில் நான் முதலில் சந்தேகப்படுவது இவரைத்தான். பாவம், இவர் வேலைக்குச் சோம்பேறி இல்லை. முதலாளிதான், அதாவது போனின் மென்பொருள்தான், அவரைத் தூங்கச் சொல்லி அனுப்பிவிடுகிறார். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், போன் அசையாமல் கிடந்தால் பின்னணியில் ஓடும் ஆப்களை அடக்கிவைக்கும் ஏற்பாடு இருக்கிறது. பேட்டரி மிச்சமாகட்டும் என்று சில போன் கம்பெனிகள் அதற்கு மேலும் கெடுபிடி சேர்த்திருக்கின்றன. போதாக்குறைக்கு நாமும், திறந்திருக்கும் ஆப்களையெல்லாம் விரலால் தள்ளித் தள்ளி மூடுவதை ஒரு சுத்தப் பழக்கமாக வைத்திருக்கிறோம். அப்படித் தள்ளும்போது சில போன்களில் சப்ளையரையும் சேர்த்துத் தெருவுக்குத் தள்ளிவிடுகிறோம். பிறகு வாட்ச் அமைதியாக இருக்கிறதே என்று ஆச்சரியப்படுகிறோம்.

இதற்கு வைத்தியம் போனின் செட்டிங்ஸில் இருக்கிறது. வாட்ச் ஆப்பின் பேட்டரி பகுதியில் கட்டுப்பாடு எதுவும் வேண்டாம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் போனில் 'ஆட்டோஸ்டார்ட்' என்று ஒன்று இருந்தால் அதையும் கொடுங்கள். நோட்டிபிகேஷன் அனுமதியை ஒருமுறை அணைத்து மறுபடி போடுங்கள். போன் அப்டேட் ஆன பிறகு, அனுமதி இருப்பதுபோல் காட்டிக்கொண்டே செயல்படாமல் நிற்பதுண்டு. வாட்ச் ஆப்புக்குள்ளேயே எந்தெந்த ஆப்பின் செய்திகளை அனுப்ப வேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கும். புதிதாகப் போட்ட ஆப் அதில் டிக் ஆகாமல் கிடக்கலாம். ஐபோனோடு வேறு கம்பெனி வாட்சை இணைத்திருப்பவர்களுக்கு வழி வேறு. அங்கே 2013-இல் வந்த ஐஓஎஸ் 7 முதல் போனே ப்ளூடூத் வழியாகச் செய்தியைக் கொடுத்துவிடும். ப்ளூடூத் செட்டிங்ஸில் வாட்சின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள குறியைத் தொட்டு, நோட்டிபிகேஷனைப் பகிரும் அனுமதி திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

செய்தி திரையில் வந்து கிடக்கிறது, அதிர்வு மட்டும் இல்லை என்றால் சூப்பர்வைசரை விசாரிக்க வேண்டும். டூ நாட் டிஸ்டர்ப், தூக்க நேரம் எல்லாம் அவர் கையில். தூக்க நேரத்தை எப்போதோ ஒருநாள் அட்டவணை போட்டு வைத்துவிட்டு மறந்திருப்போம். அவர் மறக்க மாட்டார், தினமும் அந்த நேரத்தில் அடுப்பை நிறுத்திவிடுவார். ஆப்பிள் வாட்சில், போனில் போட்ட ஃபோகஸ் வாட்சுக்கும் தானாகவே பரவும். பேட்டரி சேமிப்பில் போட்டால் சில வாட்சுகள் அதிர்வையும் வெட்டிவிடலாம். தியேட்டர் மோட் வாட்சுக்கு வாட்ச் வேறுபடும். ஆப்பிளில் திரை இருட்டி சத்தம் போனாலும் தட்டல் வரும், வேறு சிலவற்றில் அதுவும் வராது. ஒரு குறிப்பிட்ட ஆப் மட்டும் ஊமையாக இருக்கிறது என்றால் வாட்சை விட்டுவிட்டுப் போனைப் பாருங்கள். 2017-இன் ஆண்ட்ராய்டு 8 முதல் ஒரே ஆப்புக்குள் செய்தி வகைகளைத் தனித்தனியாக அடக்கலாம். விரல் பட்டு ஒரு வகை 'சைலன்ட்' ஆகியிருக்கலாம். குடும்ப வாட்ஸ்ஆப் குழுவை மியூட் செய்து வைத்திருப்பவர்கள் இதை யாரிடமும் சொல்லாமல் சரிபார்த்துக்கொள்ளவும்.

சூப்பர்வைசரின் இன்னொரு கொள்கை, ஆள் இல்லாத மேஜைக்குத் தோசை அனுப்புவதில்லை. வாட்சின் அடிப்பக்கம் மினுங்கும் சென்சார்கள் நாடித்துடிப்பை மட்டும் பார்ப்பதில்லை. வாட்ச் கையில்தான் இருக்கிறதா என்பதையும் அவை கவனிக்கின்றன. வார் தொளதொளவென்று இருந்தால், மேஜையில் ஆளே இல்லை என்று அவர் முடிவு கட்டிவிடுவார். மணிக்கட்டில் அடர்த்தியாகப் பச்சை குத்தியிருப்பவர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. மை வெளிச்சத்தை மறைத்துவிடுகிறது. பூட்டு எண் வைத்த ஆப்பிள் வாட்ச் இப்படித் தன்னைத்தானே பூட்டிக்கொண்டால், செய்திகள் போனோடு நின்றுவிடும். வாரை ஒரு துளை இறுக்குவதுதான் வைத்தியம்.

அடுத்தது பலரை ஏமாற்றும் விஷயம். வாட்ச் வேலை செய்கிறதா என்று சோதிக்க, மனைவியின் போனிலிருந்து நம் எண்ணுக்கு ஒரு செய்தி அனுப்புகிறோம். நம் போனைக் கையில் திறந்து வைத்துக்கொண்டு, அதையும் வாட்சையும் மாறி மாறிப் பார்க்கிறோம். வாட்ச் அசையாது. அசையவும் கூடாது! ஐபோன் திறந்து பயன்பாட்டில் இருந்தால் செய்தி அங்கேயே காட்டப்படும், வாட்சுக்குப் போகாது. போன் பூட்டியிருந்தால்தான் மணிக்கட்டு தட்டப்படும். மற்ற சில வாட்சுகளிலும் இதே ஏற்பாட்டைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. வாடிக்கையாளருக்குக் கேட்டது கூடத்திலேயே கிடைத்துவிட்டால் சப்ளையர் எதற்கு உள்ளே போய்ச் சொல்லப் போகிறார்? சோதிப்பதானால் போனைப் பூட்டிக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சோதியுங்கள்.

டைமருக்கும் அதிரவில்லை, அதிர்வின் பலத்தைக் கூட்டி வைத்தும் பயனில்லை, வாட்சை அணைத்துப் போட்டும் ஆகவில்லை. இப்போதுதான் கல்லின் முறை. வாட்ச் மோட்டார்கள் இரண்டு வகை. ஒன்றில், ஒரு பக்கம் மட்டும் எடை வைத்த அச்சு சுழலும், சமநிலை இல்லாததால் எல்லாம் நடுங்கும். மற்றதில், ஸ்பிரிங்கில் கட்டிய காந்த எடை முன்னும் பின்னும் ஆடும். பெரும்பாலும் நொடிக்கு 150 முதல் 250 தடவை. தோலின் ஆழத்தில் அதிர்வை உணரும் நரம்பு முனைகள் கூர்மையாக இருப்பது நொடிக்கு 200 முதல் 300 வரையிலான அதிர்வுக்குத்தான். அதனால்தான் அரிசி மணி அசைவது போன்ற சிறு தட்டலும் நமக்கு உறைக்கிறது. இந்த ஸ்பிரிங் வகை, தனக்கென்று உள்ள வேகத்தில் ஆட்டினால்தான் பலமாக ஆடும். கீழே விழுந்து ஸ்பிரிங் கோணினாலோ, உள்ளே ஈரம் புகுந்து துரு பிடித்தாலோ, அதே மின்சாரத்துக்கு முனகல்தான் வரும். சத்தம் கேட்கிறது, கையில் உணர்வு இல்லை என்றால் எடை பிடிவிட்டிருக்கலாம். தண்ணீர் புகாது என்று பெட்டியில் போட்டிருப்பது ஆயுள் உத்தரவாதம் அல்ல. வெந்நீரும் சோப்பும் காலப்போக்கில் அந்த அடைப்பைத் தளர்த்திவிடும்.

எல்லாவற்றையும் அழித்து ரீசெட் செய்வதை இதற்கெல்லாம் பிறகு வையுங்கள். ஆப்பிள் வாட்சை ஐபோனிலிருந்து பிரித்தால் போனே ஒரு பேக்கப் எடுத்துக்கொள்ளும். மற்றவற்றில், ஆப்போடு ஒருமுறை சிங்க் செய்யாமல் அழித்தால் நடந்த கணக்கும் தூங்கிய கணக்கும் போய்விடலாம். மோட்டாரை மாற்ற வாட்சைத் திறந்தாக வேண்டும், திறந்தால் பசை அடைப்பு போய்விடும். வாரன்டி இருக்கும்போது தெருமுனைக் கடையில் திறக்கக் கொடுக்காதீர்கள். மலிவான வாட்ச், வாரன்டியும் முடிந்தது என்றால் அந்தச் செலவைப் புது வாட்சில் போடலாம் என்பது என் கணக்கு. ஆனால் திரைக் கண்ணாடி ஒரு ஓரத்தில் லேசாகத் தூக்கிக்கொண்டு தெரிந்தால் இந்த விசாரணை எதுவும் வேண்டாம். பேட்டரி உப்பியிருக்கலாம். உடனே கையிலிருந்து கழற்றி, மறுபடி சார்ஜ் போடாமல் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள்.