அழையாமல் வரும் பூனை: நோயாளி இருக்கும் வீட்டார் அறிய வேண்டியவை

தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களில் பூனை எட்டிப் பாராத வீடு அரிது. கேழ்வரகு மூட்டை அடுக்கிய அறையில் எலி இருக்கும். எலி இருக்கும் இடத்தைப் பூனை தேடி வரும். பட்டுப்புழு வளர்ப்பவர்களைக் கேட்டால், புழுவையும் கூட்டையும் தின்று தீர்க்கும் எலியை விரட்டப் பூனை வந்தால் நல்லதுதானே என்பார்கள். நகரத்தின் மாடிக் குடியிருப்புகளிலும் படிக்கட்டின் அடியில் ஒரு பூனை படுத்திருக்கும். ஆகவே, யாருடையது என்று தெரியாத ஒரு பூனை நாள்தோறும் வந்து போவதை எவரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆனால் நோயாளி ஒருவர் படுத்திருக்கும் வீட்டில், கருவுற்ற பெண் இருக்கும் வீட்டில், தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அதைப் பற்றிச் சற்றுச் சிந்திக்க வேண்டும். பூனை நமக்குப் பகை அன்று. அதை அடித்து விரட்டவோ, அது குறுக்கே போனதை எண்ணி அஞ்சவோ தேவையில்லை. எந்த இடத்தில் அதை அனுமதிக்கலாம், எந்த இடத்தில் கூடாது, அது கீறிவிட்டால் அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பவற்றை வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் அறிந்திருந்தால் போதும்.

பெயரால் வந்த மயக்கம்

ரேபிஸ் நோயைத் தமிழில் ‘வெறிநாய்க்கடி நோய்’ என்றே வழங்கி வருகிறோம். அந்தப் பெயரிலேயே இரண்டு மயக்கங்கள் அடங்கியுள்ளன. நாயால் மட்டுமே இந்நோய் வரும் என்பது ஒன்று. கடித்தால் மட்டுமே வரும் என்பது மற்றொன்று. இரண்டும் சரியல்ல.

மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 விழுக்காடு வரை நாய்களாலேயே வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. எனினும் நோயுற்ற நாய் ஒரு பூனையைக் கடித்தால் அந்தப் பூனைக்கும் நோய் தொற்றும். அந்தப் பூனையிடமிருந்து மனிதருக்கும் தொற்றும். நோய்க்கிருமி விலங்கின் உமிழ்நீரில் இருக்கிறது. பூனையோ நாளெல்லாம் தன் பாதங்களை நக்கித் தூய்மை செய்துகொள்ளும் உயிர். எனவே அதன் நகக் கீறலையும் கடிக்கு ஒப்பாகவே கருத வேண்டும்.

“நாயா கடித்தது? பூனை பிறாண்டியதுதானே!” என்று வீட்டிலேயே தேங்காய் எண்ணெய் தடவி விட்டுவிடுவோரைப் புறநோயாளர் பிரிவில் அடிக்கடி காண்கிறோம். வேறு ஏதோ உடல்நலக் குறைவுக்காக வந்து, பேச்சுவாக்கில் அந்தக் கீறலைச் சொல்வார்கள். கிருமி உடலில் புகுந்தபின் நோய் வெளிப்படப் பெரும்பாலும் 2 முதல் 3 மாதங்கள் ஆகும். ஒரு வாரத்திலும் வெளிப்படலாம், ஓராண்டு கழித்தும் வெளிப்படலாம். அறிகுறி தோன்றிய பின்னர் உயிர் பிழைப்பது ஏறத்தாழ இயலாத ஒன்று. அறிகுறி தோன்றும் முன்னரோ, உரிய தடுப்பூசியால் முழுமையாகத் தடுத்துவிடலாம்.

கீறல் பட்டவுடன்

முதல் மருந்து சோப்பும் தண்ணீரும். குழாய் நீரிலோ, செம்பால் தொடர்ந்து ஊற்றும் நீரிலோ, சோப்புப் போட்டுக் காயத்தை 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுவது நல்லது; இல்லையேல் 2 நிமிடத்திலேயே போதும் என்று தோன்றிவிடும். வத்தல்மலை, சித்தேரி போன்ற மலையூர்களில் இருப்போருக்கு மருத்துவரிடம் வந்து சேரும்முன் இதுவே பெரும் காப்பு. பின்னர் அயோடின் மருந்து இருந்தால் தடவலாம். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் வைக்க வேண்டாம். காயத்தை இறுகக் கட்டவும் வேண்டாம்.

அடுத்து, அன்றைய தினமே மருத்துவரைப் பாருங்கள். மருத்துவர் காயத்தை மூன்று வகையாகப் பிரித்துப் பார்ப்பார்.

முதல் வகை: பூனையைத் தொட்டது, உணவு ஊட்டியது, காயமில்லாத தோலை அது நக்கியது. இதற்கு ஊசி தேவையில்லை, கழுவினால் போதும்.

இரண்டாம் வகை: இரத்தம் வராத சிறு கீறல், ஆடை மூடாத தோலை மெல்லக் கவ்வியது. இதற்குத் தடுப்பூசி வேண்டும்.

மூன்றாம் வகை: தோலைத் துளைத்த கடி, இரத்தம் கசிந்த கீறல், ஏற்கெனவே புண் உள்ள இடத்தையோ வாய், கண் போன்ற மென்சவ்வுப் பகுதியையோ நக்கியது. இதற்குத் தடுப்பூசியுடன், காயத்தைச் சுற்றிச் செலுத்தும் இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்பு மருந்தும் வேண்டும். அதை முதல் நாளிலேயே செலுத்துவது நன்று. முதல் தடுப்பூசி போட்டு 7 நாள்கள் கடந்துவிட்டால் அதைச் செலுத்துவதில்லை.

தடுப்பூசியைத் தோலினுள் போடும் முறையில் முதல் நாளும், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாள்களிலுமாக 4 முறை வர வேண்டும். தசையில் போடும் முறையில் 14-ஆம் நாளும் சேர்ந்து 5 முறை. நாள்களை அட்டையில் குறித்துத் தருவார்கள், அதைத் தவறவிடாதீர்கள். தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடுவார்கள் என்ற அச்சம் முதியோரிடம் இன்னும் இருக்கிறது. அந்தப் பழைய மருந்து கைவிடப்பட்டு நெடுங்காலம் ஆகிறது. இப்போது கையில்தான் ஊசி. கருவுற்றவர்களும் பாலூட்டும் தாய்மாரும் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம். பத்தியம் எதுவும் இல்லை. டெட்டனஸ் ஊசி தேவையா என்பதையும் அப்போதே கேட்டறியுங்கள்.

“தெரிந்த பூனைதான், தினமும் வருகிறது” என்று காத்திருக்க வேண்டாம். கடித்த நாயையோ பூனையையோ 10 நாள்கள் கவனிப்பது ஒரு முறை என்பது உண்மையே. ஆனால் அந்தக் கவனிப்பு, ஊசியைத் தொடங்கிய பின் செய்வது. ஊசிக்குப் பதிலாகச் செய்வதன்று. மேலும், உரிமையாளர் இல்லாத பூனை நான்காம் நாள் வராமற்போனால், அது வேறு தெருவுக்குப் போயிற்றா, நோயுற்று இறந்ததா என்று யாரால் சொல்ல முடியும்?

ஒரு காலத்தில் தென்னிந்தியாவில் இந்த ஊசியே கிடைக்கவில்லை. 1900-இல் இமயமலை அடிவாரப் பகுதியான கசௌலியில் நாட்டின் முதல் பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்டது. தெற்கே இருப்போர் அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியிருந்தது. நீலகிரியின் குன்னூரில் 1907-இல் மற்றொரு பாஸ்டர் நிறுவனம் அமைந்த பின்னரே அந்நிலை மாறியது. இன்று அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இத்தடுப்பூசியைக் கட்டணமின்றிப் போடுகிறார்கள். அதைப் பெறாமல் ஓர் உயிர் போகக் கூடாது.

நோயாளியின் அறைக்குள் ஏன் கூடாது

நீரிழிவு நோயாளியின் காலை எண்ணிப் பாருங்கள். நீண்ட நாள் நீரிழிவில் பாதத்தின் உணர்ச்சி மங்கிவிடுகிறது. இரவில் பூனை கீறினாலும், ஆறாத புண்ணை நக்கினாலும் அவருக்குத் தெரியாது. அப்படி நக்குவது மேலே கூறிய மூன்றாம் வகையில் சேரும். எனவே நாள்தோறும் பாதத்தைப் பார்க்கும் வழக்கத்தோடு, இரவில் அறைக் கதவை அடைக்கும் வழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பூனையின் பல் ஊசி போன்றது. மேலே சிறு புள்ளியாகத் தெரியும் கடி, உள்ளே ஆழமாக இறங்கியிருக்கும். அதன் வாயில் இயல்பாகவே வாழும் பாக்டீரியா ஒரே நாளில் கையை வீங்கச் செய்துவிடும். வேறொரு பாக்டீரியாவால் கீறலுக்கு ஒன்று முதல் மூன்று வாரம் கழித்து அக்குளிலோ கழுத்திலோ நெறி கட்டுவதும் உண்டு. இவை பெரும்பாலோருக்கு மருந்தால் தீரும். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்வோர், உறுப்பு மாற்று செய்துகொண்டோர், நீண்ட நாள் ஸ்டீராய்டு உட்கொள்வோர், மண்ணீரல் அகற்றப்பட்டோர் ஆகியோருக்கு இவை உயிருக்கே ஊறு விளைவிக்கலாம். இத்தகையோரைப் பூனை கீறினால், தம் நோயையும் மருந்துகளையும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கீறல் சிறிதாயினும் அவர்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு தேவைப்படும்.

வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்வோர் மிகுந்த கவனத்துடன் இருக்க வேண்டும். தொங்கும் குழாய் பூனைக்கு விளையாட்டுப் பொருள். அதைக் கடித்துத் துளையிட்டதால் வயிற்றறையில் தொற்று ஏற்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. டயாலிசிஸ் செய்யும் அறையில் பூனைக்கு இடமே இல்லை.

ஆஸ்துமா உள்ளவர்கள் பூனை முடியைக் குறை கூறுவார்கள். உண்மையில் ஒவ்வாமையைத் தூண்டுவது அதன் உமிழ்நீரிலும் தோலிலும் உள்ள ஒரு புரதம். அது மெத்தையிலும் போர்வையிலும் படிந்து, பூனை போன பின்னும் நெடுநாள் நிற்கும். படுக்கையில் பூனையை ஏறவிடாமல் இருப்பதே நல்ல வழி.

கருவுற்ற பெண்களுக்கு டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி பற்றிய அச்சம் இருக்கிறது. பூனையைத் தொட்டாலே குழந்தைக்குக் கேடு என்பது மிகை. அவ்வொட்டுண்ணியின் முட்டை பூனையின் மலத்தில் வெளிப்பட்டு, ஒரு நாளுக்குப் பின்னரே தொற்றும் தன்மை பெறுகிறது. ஆகவே பூனையின் கழிவை அன்றன்றே அகற்றிவிட வேண்டும். அதைக் கருவுற்றவர் அல்லாத வேறொருவர் செய்யட்டும். தோட்ட மண்ணில் வேலை செய்தால் கையுறை அணியுங்கள். கீரை, காய்களை நன்கு கழுவுங்கள்; இறைச்சியை முழுதாக வேகவையுங்கள்.

பூனையை என்ன செய்வது

முதலில் அது யாருடையது என்று கண்டறியுங்கள். அக்கம்பக்கத்தாரிடமும் பால்காரரிடமும் கேட்டால் பெரும்பாலும் தெரிந்துவிடும். அணுகவிடும் பழகிய பூனையாயின், வீட்டில் உடல்நலமுள்ள ஒரு பெரியவர் எளிதில் கிழியும் காகிதப் பட்டை ஒன்றைத் தளர்வாக அதன் கழுத்தில் சுற்றி, ‘இது உங்கள் பூனையா?’ என்று எழுதி அனுப்பலாம். உரிமையாளர் தெரிந்தால் தடுப்பூசி போடப்பட்டதா என்று கேளுங்கள். பூனைக்கு 3 மாத வயதில் ரேபிஸ் தடுப்பூசி போட்டு, பின்னர் ஆண்டுதோறும் தொடர வேண்டும்.

வர வேண்டாம் என்று எண்ணினால், அது வரும் காரணத்தை அகற்றுங்கள். மீன் கழுவிய நீரையும் எச்சில் இலையையும் வாசலில் விடாதீர்கள். குப்பைத் தொட்டியை மூடி வையுங்கள். சன்னலுக்கு வலை அடியுங்கள். ஓட்டு இடுக்கை அடையுங்கள். பரணில் பழந்துணி மூட்டை இருந்தால் பூனை அங்கே குட்டி போடும். குட்டியோடு இருக்கும் தாய்ப் பூனை எவரையும் நெருங்க விடாது. குழந்தைகளை அப்பக்கம் அனுப்பாதீர்கள்.

வரட்டும் என்று எண்ணினால், பொறுப்பையும் ஏற்றுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வெளியே தனித் தட்டில் உணவும் நீரும் வையுங்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, தண்ணீரே போதும். கால்நடை மருத்துவரிடம் கொண்டுசென்று தடுப்பூசி போட்டு, கருத்தடையும் செய்துவிடுங்கள். பெண் பூனை ஒரு வயதுக்கு முன்னரே சினையாகி, ஏறத்தாழ 2 மாதத்தில் குட்டி ஈனும்.

பழகிய பூனை திடீரெனச் சீறிப் பாய்ந்தாலும், வாயில் எச்சில் ஒழுகினாலும், தள்ளாடினாலும், குரல் மாறினாலும் அருகே போகாதீர்கள். அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற உதவி எண்ணுக்கோ தெரிவியுங்கள். மனிதருக்கான மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண் இருக்கிறது.

செய்யக் கூடாதவை

பூனையை விரட்டப் பாச்சை உருண்டையோ பினாயிலோ வைக்காதீர்கள். இரண்டும் அதற்கு நஞ்சு. நோயாளியின் மாத்திரைகளைத் திறந்து வைக்காதீர்கள். காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். விலங்குக்கு நஞ்சிட்டுக் கொல்வது சட்டப்படி தண்டனைக்குரிய குற்றமும் ஆகும்.

எல்லாவற்றிலும் மேலாக, எலிக்கோ பூனைக்கோ எலி பேஸ்ட் வைக்கும் பழக்கத்தை விட்டொழியுங்கள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த அந்தப் பசைக்கு முறிவு மருந்து இல்லை. அதைத் தெரியாமல் வாயில் வைத்த குழந்தை ஓரிரு நாள் நலமாக இருப்பதுபோல் தோன்றி, பின்னர் கல்லீரல் செயலிழக்கும். தமிழக அரசு அதன் விற்பனையைத் தடை செய்துள்ளது. பழைய குழாய் எதுவும் வீட்டில் கிடந்தால், குழந்தைகளின் கைக்கு எட்டும் முன் அதை அப்புறப்படுத்துங்கள். எலிக்குப் பொறி வையுங்கள். தானியத்தை மூடியுள்ள தகர டின்களில் வையுங்கள். எலி குறைந்தால் எலிக்காய்ச்சலும் குறையும். பூனையின் வரவும் தானாகக் குறையும்.

பூனையை வைத்துக்கொள்வதா, வேண்டாமா என்பதை வீட்டார் கூடிப் பேசி ஒரு வாரத்தில் முடிவு செய்யலாம். அது கீறிவிட்டால் மட்டும் கூடிப் பேச நேரமில்லை. 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்; அன்றே ஊசி போட்டுக்கொள்ளுங்கள். இந்த இரண்டையும் இன்றே உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கும் சொல்லி வையுங்கள். அடிப்பார்களோ என்று அஞ்சிக் கீறலை மறைப்பவர்கள் பெரும்பாலும் அவர்களே. கீறியதைச் சொன்னால் எவரும் திட்ட மாட்டார்கள் என்ற உறுதியையும் அவர்களுக்குக் கொடுங்கள்.