ஜனங்களோடு வளர்ந்து, ஜனங்களோடு சுருங்கிய ஆலயம்



இங்கிலாந்தின் வடபகுதியாகிய யார்க்‌ஷயரில், சுண்ணாம்புப் பாறை மேடுகளுக்கு இடையே ஒரு பள்ளத்தாக்கு உண்டு. அங்கே கூரையில்லாத பழைய ஆலயம் ஒன்று நிற்கிறது. சுற்றிலும் வீடுகள் இல்லை, கடைத்தெரு இல்லை, புல்வெளி மாத்திரமே. பரிசுத்த மார்ட்டினின் பெயரால் அழைக்கப்படும் இவ்வாலயம் வாரம் பெர்சி என்னும் கிராமத்துக்கு உரியது. அந்தக் கிராமம் மறைந்து ஏறக்குறைய 500 ஆண்டுகள் ஆகிவிட்டன.

சரித்திர ஆசிரியர் மாரிஸ் பெரெஸ்ஃபோர்டும் அகழாய்வாளர் ஜான் ஹர்ஸ்டும் 1950 முதல் 1990 வரை கோடைகாலந்தோறும் இங்கே மண்ணைத் தோண்டி ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்டறிந்தவற்றின் மூலம், ஒரு கிராமச் சபையின் பிறப்பையும் வளர்ச்சியையும் தளர்ச்சியையும் இந்தச் சுவர்களிலேயே நாம் வாசிக்க முடிகிறது.

முதலாவதாக, அக்காலத்துக் கிராம ஆலயத்தின் அமைப்பை அறிந்துகொள்வது நல்லது. கிழக்கு முனையில் பீடப்பகுதி இருந்தது; அங்கே குருவானவர் திருப்பணி செய்வார். அதற்கு மேற்கே இருந்த நடுக்கூடத்தில் ஜனங்கள் கூடுவார்கள். இவ்விரண்டுக்கும் இடையே மரவேலைப்பாடுள்ள தடுப்பு ஒன்று நிற்பதுண்டு. ஞானஸ்நானமே சபைக்குள் பிரவேசிக்கும் வாசல் என்று காட்டும்படி, ஞானஸ்நானத் தொட்டியை நுழைவாயிலின் அருகே வைத்தார்கள். பெரும்பாலான ஆலயங்களில் நெடுங்காலம் இருக்கைகள் இல்லை. ஜனங்கள் நின்றார்கள், அல்லது முழங்காற்படியிட்டார்கள். ஆராதனை இலத்தீன் மொழியில் நடந்தபடியால், உழவர்களில் அநேகருக்கு வார்த்தைகள் விளங்கவில்லை. சுவர்களில் தீட்டப்பட்ட சித்திரங்களே அவர்களுக்கு வேதபாடமாயிருந்தன. ஆங்கில ஜெபப்புத்தகம் வழக்கத்துக்கு வந்தது 1549-ஆம் ஆண்டில்தான்.

செலவைப் பற்றிய ஒழுங்கும் கவனிக்கத்தக்கது. பீடப்பகுதியைப் பழுதுபார்க்கும் கடமை தசமபாகத்தைப் பெறும் குருவானவரைச் சார்ந்தது. நடுக்கூடத்தைப் பராமரிக்கும் பொறுப்போ சபையாருடையது. 13-ஆம் நூற்றாண்டில் இவ்வழக்கம் இங்கிலாந்தில் நிலைபெற்றது. ஆகவே ஜனங்கள் கூடும் கூடத்தின் அளவு, அவர்களுடைய எண்ணிக்கையையும் உதாரத்துவத்தையும் ஓரளவு காட்டுகிறது.

வாரம் பெர்சியில் முதலாவது எழுந்தது, 10-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட சிறிய மர ஆலயம். பின்பு அதே இடத்தில் கல்லினால் ஆலயம் கட்டினார்கள். ஊர் பெருகப் பெருக அந்த இடமும் போதாமற்போயிற்று. 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் நடுக்கூடத்தின் பக்கச்சுவர்களைத் திறந்து, தூண்களையும் வளைவுகளையும் நிறுத்தி, தெற்கிலும் வடக்கிலும் பக்கக்கூடங்களைச் சேர்த்தார்கள். மேற்கு முனையில் மணிக்கோபுரமும் அமைந்தது.

1348, 1349-ஆம் ஆண்டுகளில் கொள்ளைநோய் இங்கிலாந்தெங்கும் பரவியது. அந்த நோயே இந்த ஊரை அழித்தது என்று பலர் நினைப்பதுண்டு. அது சரியன்று. 1368-ஆம் ஆண்டிலும் ஏறக்குறைய 30 வீடுகளில் ஜனங்கள் குடியிருந்தார்கள். அதன் பின்பு ஒவ்வொரு குடும்பமாக ஊர் குறைந்தது. தானியம் விளைவிப்பதைவிட ஆட்டுமயிர் விற்பது நில உடைமையாளருக்கு அதிக ஆதாயமாயிற்று. 1500-ஆம் ஆண்டையொட்டி மீதியிருந்த சில குடும்பங்களும் வெளியேற்றப்பட்டன. உழுத நிலம் ஆடுகளின் மேய்ச்சல் நிலமாயிற்று.

ஊர் சுருங்கினபோது ஆலயமும் சுருங்கிற்று. பக்கக்கூடங்களை இடித்துவிட்டு, வளைவுகளின் இடைவெளிகளைக் கல்லால் அடைத்து, அச்சுவரில் ஜன்னல்களை வைத்தார்கள். பிற்காலத்தில் பீடப்பகுதியையும் குறுக்கினார்கள். அடைக்கப்பட்ட அந்த வளைவுகளை இன்றும் சுவரில் தெளிவாகக் காணலாம். இதைத் தோல்வியின் அடையாளம் என்று மாத்திரம் சொல்லிவிட முடியாது. மீதியாயிருந்த சிலர், தங்களால் தாங்கக்கூடிய அளவுக்கு ஆலயத்தைக் குறைத்து, ஆராதனையை நிறுத்தாமல் காத்துக்கொண்டார்கள். ஏனெனில் இந்த ஆலயம் ஐந்து ஊர்களுக்குப் பொதுவானது. அவற்றுள் ஒன்றாகிய திக்ஸன்டேல் நிலைத்திருந்தது. அவ்வூரார் மேடும் பள்ளமும் கடந்து நடந்துவந்து இங்கே ஆராதித்தார்கள். தங்கள் மரித்தோரையும் இங்கே அடக்கம்பண்ணினார்கள்.

ஆலயத்திலும் கல்லறைத் தோட்டத்திலும் ஏறக்குறைய 700 பேருடைய எலும்புகள் கிடைத்தன. அவர்களுள் குழந்தைகள் அநேகர். அங்கிருந்த தாய்மார் தங்கள் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 18 மாதம் வரை பாலூட்டினார்கள் என்பதை எலும்புகளின் இரசாயனப் பரிசோதனை காட்டியிருக்கிறது. பெயர் தெரியாத அந்தத் தாய்மார் பிள்ளையை இடுப்பில் சுமந்து நின்ற தரை, நாம் மேலே பார்த்த அந்தக் கூடமே.

1870-ஆம் ஆண்டில் திக்ஸன்டேல் ஊராருக்குத் தங்கள் ஊரிலேயே ஆலயம் அமைந்தது. வாரம் பெர்சியில் வருவோர் தொகை இன்னும் குறைந்தது. 1949-ஆம் ஆண்டில் கடைசி ஆராதனை நடந்தது. பத்து ஆண்டுகளுக்குள், 1959-இல், கோபுரத்தின் ஒரு பாதி இடிந்து விழுந்தது. கொள்ளைநோயையும் குடியகற்றத்தையும் தாண்டி நின்ற கட்டடம், பராமரிக்கும் கைகள் இல்லாமற்போனபோது நிற்கவில்லை.

சபை என்பது கட்டடமல்ல, விசுவாசிகளே என்று நாம் சரியாகவே போதிக்கிறோம். விசுவாசிகளை உயிருள்ள கற்களுக்கு ஒப்பிட்டார் பேதுரு அப்போஸ்தலன். ஆயினும் அந்த உண்மைக்கு மறுபக்கமும் உண்டு. உயிருள்ள கற்கள் இடம் பெயரும்போது, அவை விட்டுவந்த சுவரில் ஒரு வெற்றிடம் உண்டாகிறது. பிழைப்பின் நிமித்தம் நகரத்துக்கு வந்திருக்கும் நம்மில் பலர், சொந்த ஊரில் அப்படி ஒரு வெற்றிடத்தை விட்டு வந்தவர்கள். அங்கே இன்று பத்துப் பேர் கூடி ஆராதிக்கலாம். முதிர்ந்த தாய் ஒருவர் இன்னும் தரையைப் பெருக்கிக்கொண்டிருக்கலாம்.

ஊருக்குப் போகும்போது அந்த ஆலயத்துக்குள் செல்லுங்கள். அதைக் கட்டினவர்கள் யார், எப்பொழுது விரிவாக்கினார்கள் என்று முதியோரிடம் கேட்டு எழுதிவையுங்கள். ஒழுகும் கூரைக்கு உங்கள் பங்கைக் கொடுங்கள். மீதியாயிருப்போரின் கைகளைத் திடப்படுத்துவதும் ஊழியமே.