'நோய் இல்லை' என்று சீட்டு வந்தும் தூக்கம் இல்லை! ரத்தம் கொடுத்துக் கொடுத்தே நொந்து போகும் மனிதர்கள்

சுசீந்திரம்,-

கொதிக்கிற நெய்யில் கையை விட வேண்டும். கை வெந்தால் குற்றவாளி. வேகாவிட்டால் நிரபராதி!

இப்படி ஒரு பயங்கரச் சோதனை ஒரு காலத்தில் சுசீந்திரம் தாணுமாலயன் கோவிலில் நடந்து வந்தது. 'கைமுக்கு' என்று அதற்குப் பெயர். சுசீந்திரம் திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தில் இருந்த காலம் அது. பெண் விஷயத்தில் தப்பு செய்ததாகப் பழி விழுந்த நம்பூதிரிகளை மலையாளக் கரையில் இருந்து இங்கே அழைத்து வருவார்கள். கையை நெய்யில் முக்கி, துணி சுற்றிக் கட்டி, பிறகு கட்டை அவிழ்த்துப் பார்ப்பார்கள்.

கௌதம முனிவரின் சாபம் பெற்ற இந்திரன், இந்த ஊரில் கொதிநெய்யில் இறங்கித்தான் பாவம் தீர்ந்தான் என்பது தல புராணம். 'சுசி' என்றால் சுத்தம். ஊருக்குப் பெயர் வந்ததே அப்படித்தான் என்கிறார்கள்.

சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில், 19-ம் நூற்றாண்டின் முற்பாதியில், கைமுக்கு நிறுத்தப்பட்டது.

கோவிலில் நின்று போய்விட்டது. ஆனால்...

யாரும் கட்டாயப்படுத்தாமலே, தங்களுக்குத் தாங்களே அப்படி ஒரு சோதனையை நடத்திக் கொள்கிற மனிதர்கள் இன்றும் இருக்கிறார்கள். இவர்கள் கை நீட்டுவது நெய்ச் சட்டியில் அல்ல, ரத்தப் பரிசோதனை நிலையத்தில்! 'எய்ட்ஸ் கிருமி இல்லை' என்று சீட்டு வரும். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக் கொள்வார்கள். அடுத்த மாதம் மறுபடியும் வந்து கையை நீட்டுவார்கள்.

இது பற்றிய விவரம் வருமாறு:-

ஒரே ஒரு ராத்திரி

உதாரணத்துக்கு ஒரு ஆளை வைத்துக் கொள்வோம். கற்பனை ஆள்தான். ஆனால் எந்த ஊர் டாக்டரைக் கேட்டாலும் "இவரை எனக்குத் தெரியுமே" என்று சொல்லக் கூடிய ஆள்.

வயது முப்பத்தைந்து. நாகர்கோவிலில் ஜவுளிக் கடையில் கணக்குப் பிள்ளை. தினமும் சுசீந்திரத்தில் இருந்து பஸ்சில் போய் வருபவர். மனைவி, ஒரு பெண் குழந்தை. எப்போதோ வெளியூர் போன இடத்தில், கூட்டாளிகளோடு சேர்ந்து, ஒரே ஒரு ராத்திரி தடம் மாறிவிட்டார். அதோடு சரி.

ஆறு மாதம் கழித்து ஒரு காய்ச்சல். காய்ச்சல் இரண்டு நாளில் போய்விட்டது. சந்தேகம் போகவில்லை.

முதல் பரிசோதனை: இல்லை. 'ரத்தம் மாறிப் போயிருக்குமோ?' இரண்டாவது: இல்லை. 'மருந்து பழசாக இருந்திருக்குமோ?' மூன்றாவது முறை உள்ளூரில் முகம் தெரிந்து விடும் என்று திருநெல்வேலிக்குப் பஸ் ஏறுகிறார். நாலாவது திருவனந்தபுரத்தில். எங்கேயும் அதே சீட்டு. 'நமக்கு வந்திருப்பது சோதனையில் பிடிபடாத புது ரகமோ?'

கடைசியில் பழைய இடத்துக்கே வந்து நிற்கிறார்.

"அண்ணாச்சி, போன மாசமும் இல்லேன்னுதானே வந்துது? பொறவு என்னத்துக்கு?"

"இல்ல தம்பி... ஒரு மனசு சமாதானத்துக்கு. கடைசி தடவை. இனி வரமாட்டேன்."

அடுத்த மாதமும் வருவார்.

வீட்டில் தனித் தட்டு, தனித் தம்ளர். குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவது இல்லை. மனைவி பக்கத்தில் படுப்பது இல்லை. அந்த அம்மாள் என்னென்னவோ நினைத்துக் கொண்டு அழுகிறாள். இல்லாத நோய்க்காக ஒரு குடும்பமே நோயாளிக் குடும்பமாக வாழ்கிறது!

சீட்டு பொய் சொல்லுமா?

சொல்லாது. ஒரே ஒரு நிபந்தனை உண்டு.

கிருமி உடம்பில் நுழைந்த மறுநாளே சோதனையில் தெரியாது. ரத்தத்தில் அடையாளம் தெரிய நாள் பிடிக்கும். இப்போது பெரிய பரிசோதனை நிலையங்களில் செய்கிற நாலாம் தலைமுறைச் சோதனை, 45 நாளுக்குள் அநேகமாக எல்லோரிடமும் காட்டிக் கொடுத்து விடும். விரல் நுனியில் குத்திப் பார்க்கும் சாதாரணச் சோதனை என்றால் 3 மாதம் பொறுக்க வேண்டும். சந்தேகப்படும் சம்பவம் நடந்து 3 மாதம் தாண்டி, நடுவில் வேறு எதுவும் நடக்காமல் இருந்து, 'இல்லை' என்று வந்தால் இல்லைதான்.

வழி தவறியவர் உடனே வந்தால் அதற்கும் மருந்து இருக்கிறது. 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். ஓடி வர வேண்டிய நேரம் அதுதான். நம் ஆட்களோ அந்த 3 நாளைக் கோட்டை விட்டுவிட்டு 3 வருஷம் ஓடுகிறார்கள்.

கொசு கடித்தால் வராது. ஒரே தம்ளரில் டீ குடித்தால் வராது. பஸ்சில் உரசி உட்கார்ந்தால் வராது. தெப்பக்குளத்தில் குளித்தால் வராது. இதெல்லாம் பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். பயம் பிடித்தவருக்கும் தெரியும். தெரிந்துதான் பயப்படுகிறார்!

மயிலாப்பூரில் தொடங்கியது

இந்தியாவில் இந்தக் கிருமி இருப்பது முதலில் தெரிய வந்ததே தமிழ்நாட்டில்தான். 1986-ம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரி டாக்டர் சுனிதி சாலமன், தன் மாணவி நிர்மலாவை ரத்த மாதிரிகள் சேகரிக்கச் சொன்னார். மயிலாப்பூரில் பெண்களுக்கான அரசு காப்பகம் உள்பட பல இடங்களில் நிர்மலா ரத்தம் எடுத்தார். சென்னையில் அப்போது இந்தச் சோதனைக்கு வசதி இல்லை. மாதிரிகளை வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். சில மாதிரிகளில் கிருமி இருப்பது தெரிந்தது. மறுபடியும் ரத்தம் எடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பி உறுதி செய்தார்கள். அப்போது சுகாதார மந்திரியாக இருந்த எச்.வி.ஹண்டே சட்டசபையில் இதை அறிவித்தபோது நாடே அதிர்ந்தது.

அன்று மருந்து கிடையாது. வந்தால் சாவுதான். அதனால் பயமுறுத்தியே பிரசாரம் செய்தார்கள். 2000-களின் தொடக்கத்தில் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று தமிழ்நாடு முழுக்கச் சுவர் சுவராக விளம்பரம் வந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். டீக்கடையில் அதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் இல்லை. பிரசாரத்துக்குப் பலனும் இருந்தது. அந்தக் காலத்தில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில் இருந்த கிருமி, இப்போது ஆயிரத்துக்கு இரண்டு பேர் என்ற அளவுக்கு இறங்கி விட்டது.

ஆனால் சில பேருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. 'வருமா?' என்ற கேள்வி மண்டைக்குள் உட்கார்ந்து கொண்டது. சுவரில் விளம்பரம் அழிந்து வருஷம் பல ஆகியும் கேள்வி அழியவில்லை.

உண்மையான தப்பும் நடந்தது

இவர்களை வெறும் கோழைகள் என்று தள்ளிவிடவும் முடியாது. 2018-ம் ஆண்டு டிசம்பரில் சாத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு கர்ப்பிணிக்குக் கிருமி உள்ள ரத்தம் ஏற்றப்பட்ட விவகாரம் தமிழ்நாட்டையே உலுக்கியது. ரத்தம் கொடுத்த வாலிபருக்குத் தன் உடம்பில் கிருமி இருப்பதே தெரியாது. 'அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே தப்பு நடந்ததே, என் சீட்டில் மட்டும் நடக்காதா?' என்று ஒருவர் கேட்டால் அதை முழுக்கப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்வதற்கு இல்லை.

ஆனால் கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு சீட்டு தப்பாகலாம். நாலு ஊரில், நாலு ஆள், நாலு தடவை செய்த சோதனை ஒரே மாதிரித் தப்பாகுமா? கடையில் பைசா பிசகாமல் கணக்குப் போடுகிறவருக்கு இந்தக் கணக்கு மட்டும் ஏறாது.

இங்கே இன்னொரு ஆபத்தும் உண்டு. சிலர் 'எப்படியும் சோதித்துத்தானே ஏற்றுவார்கள், ஓசியில் தெரிந்து கொள்ளலாம்' என்று ரத்த தானம் கொடுக்கப் போகிறார்கள். இது கூடவே கூடாது. கிருமி நுழைந்த புதிதில் ரத்தம் கொடுத்தால் சோதனையில் பிடிபடாமல் அடுத்தவர் உடம்புக்குப் போய்விடலாம்.

நெஞ்சு படபடப்பு

பயத்துக்கு ஒரு கெட்ட குணம். தானே நோய் மாதிரி வேஷம் போடும்.

சாப்பாடு இறங்காது, எடை குறையும். 'பார்த்தாயா, மெலிகிறேன்!' ராத்திரி வியர்க்கும். வயிறு கலக்கிக் கொண்டு போகும். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று நாள் முழுக்க அமுக்கி அமுக்கிப் பார்த்தால் அந்த இடம் வலிக்கத்தானே செய்யும்? நாக்கைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சுரண்டினால் புண்ணாகத்தானே செய்யும்? எல்லாமே எய்ட்ஸ் அறிகுறி என்று கணக்கில் சேர்ந்து விடும்.

இது நடிப்பு அல்ல, மனநோய் டாக்டர்களுக்கு நன்றாகத் தெரிந்த கோளாறு. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய பட்டியலில் இதை, கையைத் திரும்பத் திரும்பக் கழுவுகிற, பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்கிற கோளாறோடு ஒரே வரிசையில் வைத்திருக்கிறார்கள். பூட்டை இழுத்தவுடன் நிம்மதி. பத்து அடி நடந்ததும் சந்தேகம். மறுபடி இழுத்தால் மறுபடி நிம்மதி. ஒவ்வொரு இழுப்பும் அடுத்த இழுப்புக்கு அச்சாரம். ரத்தச் சோதனையும் இவர்களுக்கு அந்தப் பூட்டுத்தான்.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சர்க்கரை வியாதிக்கு இப்படிப் பயந்து மாதா மாதம் ஊர் ஊராக ஓடுகிறவர் குறைவு. எய்ட்சுக்கு ஓடுகிறார்கள். காரணம், பயத்துக்குள் ஒரு குற்ற உணர்ச்சி ஒளிந்திருக்கிறது. 'தப்பு செய்தேன், தண்டனை வந்தே தீர வேண்டும்' என்று மனசு தீர்ப்பு எழுதி வைத்து விட்டது. தண்டனையைக் காணோமே என்று ரத்தத்தில் தேடுகிறது. சீட்டில் இருப்பது கிருமி உண்டா, இல்லையா என்ற பதில் மட்டும்தான். 'நான் நல்லவனா?' என்ற கேள்விக்கு எந்த லேப்பிலும் சோதனை கிடையாது. கொதிக்கும் நெய்யைக் கேட்ட அதே கேள்வியை ஊசியைக் கேட்கிறார்கள்.

இதைக் கவனிக்காமல் விட்டால் விபரீதம் ஆகலாம். கொரோனா பரவத் தொடங்கிய 2020 பிப்ரவரியில், ஆந்திரா சித்தூர் மாவட்டத்தில் ஒருவர் தனக்குக் கொரோனா வந்து விட்டதாகத் தானே முடிவு கட்டி, குடும்பத்தாரைக் கிட்டே வரவிடாமல் தடுத்து, உயிரை மாய்த்துக் கொண்டார். அவருக்கு இருந்தது சாதாரண வைரஸ் காய்ச்சல்!

என்ன வைத்தியம்?

முதல் வைத்தியம், ரத்தச் சோதனையை நிறுத்துவது. ஒரே டாக்டர், குறித்த நாளில் மட்டும் சந்திப்பு, நடுவில் நாக்கைப் பார்ப்பது, கழுத்தை அமுக்குவது, செல்போனில் நோயைத் தேடிப் படிப்பது எதுவும் கூடாது. பேசியே சந்தேகத்தைத் தாங்கப் பழக்குகிற சிகிச்சை இருக்கிறது. பலருக்குப் பலன் தருகிறது. தேவைப்பட்டால் மாத்திரையும் தருவார்கள். 'எட்டே நாளில் எய்ட்ஸ் குணம்' என்று லாட்ஜில் ரூம் போட்டு உட்கார்ந்திருக்கும் ஆட்களுக்கு இந்த மாதிரி ஆசாமிகள்தான் அல்வா. இல்லாத நோயைக் குணப்படுத்துவது சுலபம் அல்லவா?

இருக்கிற நோய்க்கும் இன்று பயந்து சாக வேண்டியது இல்லை. 2004-ம் ஆண்டு ஏப்ரல் முதல் அரசு ஆஸ்பத்திரிகளில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. முதலில் தொடங்கிய இடங்களில் நமது தாம்பரமும் ஒன்று. ஒழுங்காக மருந்து சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்கு இறங்கி விட்டால், தாம்பத்திய உறவில்கூட அடுத்தவருக்குப் பரவாது.

வெளியே தெரிந்து விடும் என்ற பயம் வேண்டாம். தாணுமாலயன் கோவிலில் பூஜை செய்கிறவர்கள் 'உள்ளே கண்டதை வெளியே சொல்ல மாட்டேன்' என்று சத்தியம் செய்வது வழக்கம். ராத்திரியில் இந்திரன் வந்து பூஜை செய்வதாக ஐதீகம் இருப்பதால் வந்த கட்டுப்பாடு அது. ரத்தம் சோதிக்கிறவர்களுக்கும் அப்படி ஒரு கட்டுப்பாடு 2017-ம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டத்தில் இருக்கிறது. 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது. முடிவை வெளியே சொல்லவும் கூடாது.

சுசீந்திரம்காரர்களுக்குப் பக்கத்தில் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே 'நம்பிக்கை மையத்தில்' சோதனை இலவசம். சோதனைக்கு முன்பும் பின்பும் உட்கார வைத்துப் பேசுவார்கள். சீட்டு வாங்கிக் கொண்டு நேரே பஸ் ஸ்டாப்புக்குப் போகாமல், அதே ஆஸ்பத்திரியில் மனநோய்ப் பிரிவு எங்கே என்றும் கேட்கலாம். நேரில் போகக் கூச்சப்படுகிறவர்கள் எய்ட்ஸ் சந்தேகங்களுக்கு 1097 என்ற எண்ணிலும், மனக் கலக்கத்துக்கு 14416 என்ற எண்ணிலும் பேசலாம். இரண்டுக்கும் கட்டணம் கிடையாது.